வைக்கோல் கொட்டகையில் படம் காட்டும் அக்கா

எங்கள் எஸ்டேட் அக்காவிடம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லக் கூடாது. பார்த்துக்கொண்டுதான் இருப்பார். பால் ஏறும், விளிம்பில் ஒரு நிமிஷம் தயங்கி நிற்கும், பிறகு பொங்கி அடுப்பெல்லாம் வழியும். அவர் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, அத்தனையையும் பார்த்துக்கொண்டே நிற்பார்.

"என்ன அக்கா, கையை நீட்டி அணைச்சிருக்கலாமே?" என்றால், "அது எப்படிப் பொங்குதுன்னு கவனிச்சியா? நடுவுலருந்து வரல, ஓரத்துலருந்து வந்துச்சு" என்பார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். திட்டவும் மனசு வராது. துணியை எடுத்துத் துடைக்க வேண்டியதுதான்.

வாழ்க்கையில் பாதிக்கு மேல் ஆவணப்படம் எடுத்தவர் அவர். ஆவணப்படம் என்றால் கதைப்படம் இல்லை. அதில் நடிகர், நடிகை, சண்டை, பாட்டு ஒன்றும் இருக்காது. உண்மையான மனுஷர்கள், அவர்கள் செய்யும் வேலை, அவர்கள் பேசும் பேச்சு, அவ்வளவுதான். நடப்பதை நடக்கவிட்டு ஓரமாக நின்று பார்க்க வேண்டும். குறுக்கே கை நீட்டுவது அந்தத் தொழிலில் பாவம். பால் விஷயத்திலும் அவருக்கு அதே நியாயம்தான்.

சின்ன வயதில் அவர் வளர்ந்தது சித்தப்பாவின் போட்டோ ஸ்டூடியோவில். முன்னறையில் நாற்காலி, பின்னால் நீலத்திரை, பக்கத்தில் தலைசீவ ஒரு கண்ணாடி. படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்குத் தலைமுடியை ஒதுக்கிவிடுவதும், காலரைச் சரிசெய்வதும், குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவதும் அவர் வேலை.

"கண்ணாடியில பாத்துப் பவுடர் போட்டுக்கறப்ப ஒவ்வொரு மூஞ்சியும் அவ்வளவு அழகா இருக்கும்" என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். "சித்தப்பா 'ரெடி'ன்னு ஒரு சத்தம் போடுவாரு. அவ்வளவுதான், மூஞ்சி செத்துப்போயிடும். செத்த மூஞ்சியைத்தான் எடுத்துக் கவருல போட்டுக் குடுப்போம். அதுக்குக் காசு வேற."

'ரெடி' சொல்லாமல் எடுக்க வேண்டும் என்று அந்த வயதிலேயே மனசில் விழுந்துவிட்டது. பிறகு எங்கெங்கோ போய் வேலை கற்று, துணி வெளுக்கிற பெண்களை எடுத்தார், கல் உடைக்கிறவர்களை எடுத்தார், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்களை எடுத்தார். ரயில் பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்களோடு ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தாராம். பரிசுகள் நிறைய வாங்கியிருக்கிறார். அதில் ஒரு வெண்கலப் பறவை இப்போது எங்கள் அடுப்படிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து நிற்கிறது.

அவருடைய வீட்டுக்காரர் சத்தம் பதிவு செய்கிறவர். தலையில் எந்நேரமும் ஹெட்போன் என்கிற அந்தக் காதுக்கருவி இருக்கும். அதனால் இங்கே அவருக்குக் 'காதுக்காரர்' என்றுதான் பேர். நீளக் கம்பின் நுனியில் மயிர் அடர்ந்த உறை போட்ட மைக்கைத் தூக்கிக்கொண்டு அவர் முதல் தடவை எஸ்டேட்டுக்குள் நுழைந்தபோது, நாய்கள் இரண்டும் அதை ஏதோ பூனை என்று நினைத்துத் துரத்தின. அன்றிலிருந்து அந்த மைக்குக்கும் 'பூனை' என்று பேர் வந்துவிட்டது. "பூனையை உள்ள வெச்சிட்டேன், சாப்பாடு போடு" என்பார். புதிதாக வந்தவர்கள் பூனையைத் தேடுவார்கள்.

அவர்கள் இங்கே வந்தது எஸ்டேட் வாங்க இல்லை. பழம் பறிப்பதைப் படமெடுக்க வந்தார்கள். அப்போது எஸ்டேட் பெரியவர் கையில் இருந்தது. கல்யாணம் காட்சி இல்லாத மனுஷர். ஏரிக்கரையில் அத்தனை பெரிய வீடு, பழத்தோட்டம், தொழுவம், வைக்கோல் கொட்டகை எல்லாம் இருந்தும் சாப்பாட்டு மேஜையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிடுவார். நான் அப்போதும் சமையல்காரியாக இந்த அடுப்படியில்தான் இருந்தேன். அக்கா வந்து கேட்டதும், "படமும் வேணாம் கிடமும் வேணாம்" என்று பெரியவர் விரட்டிவிட்டார். மறுநாளும் வந்து கேட்டார், மறுநாளும் விரட்டினார். அதற்கு மறுநாள் அவர் கேட்கவில்லை. வேலிக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து, கேமரா கூட இல்லாமல், சும்மா வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி என்னத்தம்மா பாக்கற?"

"மேல்மாடியில எல்லா ஜன்னலுக்கும் பச்சைப் பெயிண்ட், ஒண்ணுக்கு மட்டும் நீலம். ஏன்னு பாக்கறேன்."

அது பெரியவரின் அம்மா இருந்த அறை. அந்த அம்மாள் தன் கையாலேயே அடித்த நீலம் அது. அதற்குப் பிறகு யாரும் அதன்மேல் பச்சை அடிக்கவில்லை. அந்த வீட்டுக்குள் வந்துபோன சொந்தக்காரர்களில் ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை. பெரியவர் கதவைத் திறந்துவிட்டார். பழம் பறிக்கும் படம் முடிந்தும் அவர்கள் போகவில்லை, பெரியவர் போகவும் விடவில்லை. உடம்பு தளர்ந்து நகரத்து மருத்துவமனைப் பக்கமாகக் குடிபோக வேண்டிய நிலை வந்தபோது, "விக்கறதா இருந்தா உனக்குத்தான் விப்பேன். இந்த வீட்டைப் பாக்கத் தெரிஞ்ச ஆளு நீதான்" என்றார். அக்கா நகரத்தில் இருந்த வீட்டை விற்றுவிட்டு வந்தார்.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அவருக்குப் பார்க்க மட்டும்தான் தெரியும் என்று. மாட்டைக் கண்டால் பின்வாங்குவார். எந்த மரத்துக்கு எப்போது தண்ணீர் என்று தெரியாது. முதல் மழைக்கே கூரை ஒழுகியது. பழைய படச்சுருள் வைக்கும் வட்டத் தகர டப்பாக்களை வீடு முழுக்க ஒழுகுகிற இடத்தில் எல்லாம் வைத்தோம். காதுக்காரர் கண்ணை மூடி நடுக்கூடத்தில் உட்கார்ந்து, "ஒவ்வொரு டப்பாவும் ஒவ்வொரு சுருதி" என்றார். நான் சாமியை நினைத்துக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தெரியாது என்று சொல்ல அக்கா வெட்கப்பட்டதே இல்லை. மாட்டுக்காரரிடமும் கேட்பார், மண்வெட்டி பிடிப்பவரிடமும் கேட்பார். கேட்டதைச் செய்வார். கூரையும் மெல்ல மெல்லச் சரியாயிற்று, மரங்களும் காய்த்தன. ஆண்டவன் புண்ணியத்தில் மாடும் அவரைப் பொறுத்துக்கொண்டது.

படவிழா ஆரம்பித்தது அதற்கு அடுத்து. வைக்கோல் கொட்டகையின் ஒரு சுவரில் வெள்ளைத் திரை, உட்கார வைக்கோல் கட்டுகள். பல ஊரிலிருந்தும் ஆவணப்படம் எடுக்கிறவர்களைக் கூப்பிட்டார். முதல் வருஷம் வந்தவர்களைவிட வைக்கோல் கட்டுகள் அதிகம். படம் நடுவே ஒரு பசு கொட்டகைக்குள் தலையை நீட்டி நீளமாக ஒரு சத்தம் கொடுத்தது. படமெடுத்தவர், "இதுவரைக்கும் என் படத்துக்குக் கிடைச்ச நேர்மையான விமர்சனம்" என்றார். இப்போது அந்த விழா நாட்களில் ஏரியின் அக்கரையிலிருந்து படகு நிறைய நிறைய ஆள் வருகிறார்கள்.

விழாவுக்கு அக்கா வைத்த சட்டங்கள் கொஞ்சம்தான். பரிசு கிடையாது. படமெடுத்தவரும் படத்தில் இருப்பவரும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும். முன்வரிசை படத்தில் இருப்பவர்களுக்குத்தான், எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் அவர்களுக்குப் பின்னால்தான். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஊருக்குக் காட்டுவதற்கு முன்னால், படத்தில் இருப்பவருக்குத் தனியாகப் போட்டுக் காட்ட வேண்டும். அவர் 'இது வேண்டாம்' என்று சொன்னால் அது போய்விடும். விழாவுக்கு முன்பிருந்தே தனக்கென்று வைத்திருந்த இந்தக் கடைசிச் சட்டத்தால் எத்தனையோ நல்ல காட்சிகளை அக்காவே இழந்திருக்கிறார். ஒரு தடவைகூட மாற்றிக்கொண்டதில்லை.

மாற்றிக்கொள்வாரோ என்று நான் பயந்தது தேன்காரர் விஷயத்தில்தான்.

தேன்காரர் எங்கள் எஸ்டேட்டில் தேனீப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஏரியைப் பார்த்த சரிவில் பெட்டிகள் வரிசையாக இருக்கும். எனக்கு அண்ணன் முறை மாதிரி. குறைவாகப் பேசுவார். ஏரியில் படகு ஓட்டுகிற படகுக்காரர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. இரண்டு பேரும் பேசிக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. அவர்களுடைய அப்பா விட்டுப்போனது ஒரு படகு, கொஞ்சம் தேனீப் பெட்டி. இரண்டு பேருக்குமே படகின்மேல்தான் ஆசை. ஒருநாள் காலையில் தம்பி யாரிடமும் சொல்லாமல் படகை அவிழ்த்துக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டார். அண்ணனுக்குப் பெட்டிகள் மிஞ்சின. தேனீ என்றாலே நடுங்குகிற மனுஷர் அவர். கொட்டு வாங்கி வாங்கித்தான் தொழில் படிந்தது. ஒருவரைப் பற்றி ஒருவர் பேச வேண்டி வந்தால்கூட அவர் 'படகுக்காரர்' என்பார், இவர் 'தேன்காரர்' என்பார். என்னவோ அறிமுகம் இல்லாதவர்கள் மாதிரி.

அந்த வருஷம் விழாவின் முதல் படமாகத் தேன்காரரைப் பற்றி அக்காவே ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். எஸ்டேட்டை வாங்கிய பிறகு அவர் எடுத்த முதல் படம். ஒருநாள் காலை, காதுக்காரர் சின்ன மைக் ஒன்றைத் தேன்காரரின் சட்டையில் குத்திவிட்டார். அதற்குமேல் அவர் தேனீக்கு அஞ்சி அணிகிற வெள்ளை அங்கியைப் போட்டு, தலையில் வலை போட்டுக்கொண்டார். மைக் அங்கிக்குள்ளே மறைந்துவிட்டது. மதியம் காற்று ஏற ஆரம்பித்ததும், போதும் என்று எல்லோரும் சாப்பிட வந்தார்கள். தேன்காரர் மட்டும், "இதோ வர்றேன்" என்று அங்கேயே நின்றார். கண்ணுக்குத் தெரிந்திருந்தால் மைக்கைக் கழற்றியிருப்பார்கள். தெரியவில்லை, மறந்துவிட்டார்கள். சரிவில் தனியாக நிற்கிற அவரைத் தூரத்திலிருந்து படம் பிடித்தபடி கேமராவும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

என் அடுப்படி வாசலில் தட்டோடு உட்கார்ந்திருந்த காதுக்காரர், பழக்க தோஷத்தில் காதுக்கருவியை மாட்டினார். மாட்டியவர் சாப்பிடாமல் அப்படியே இருந்தார். கண்ணில் தண்ணீர்.

தேன்காரர் தனியாக நின்று வேண்டிக்கொண்டிருந்தார்.

அவர் வேண்டிக்கொண்டதை இங்கே எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "ஊருக்கெல்லாம் தெரிஞ்சா என்ன? அவனுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். அவன் பொறந்ததுலருந்து ஒரு புஸ்தகத்தைக் கையில தொட்டதில்ல தங்கச்சி, தாராளமா எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன். அவர் வேண்டிக்கொண்டது இது:

"ஆண்டவனே, காத்து ஏறுது. அந்தப் படகுக்கு வயசாயிடுச்சு. இடது பக்கம் தண்ணி வாங்கும். அது அவனுக்கும் தெரியும், ஆனா சரி பண்ண மாட்டான், சோம்பேறி. எப்படியாவது கரை சேத்துடு. நான் கேட்டேன்னு மட்டும் அவனுக்குத் தெரிய வேணாம்."

காற்று அடிக்கிற ஒவ்வொரு நாளும் அந்தச் சரிவில் நின்று இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எங்களில் யாருக்கும் தெரியாது.

எடுத்த துண்டுகளையெல்லாம் கோத்துப் படத்தை முடித்ததும், அக்காவின் சொந்தக்காரர் ஒருவர் தொலைக்காட்சி நிறுவனத்தில் பெரிய பதவியில் இருப்பவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தத் தொலைக்காட்சிக்காரர் பார்த்துவிட்டு, "இந்த வேண்டுதல்தான் படமே. இது இருந்தா வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் காட்டறது என் பொறுப்பு. உங்க விழாவையும் வருஷா வருஷம் நாங்களே எடுத்து நடத்தறோம். இது இல்லன்னா, தேன் எடுக்கறது எப்படின்னு ஒரு பாடம். அவ்வளவுதான்" என்றார். அக்காவும் ஆமாம் என்றுதான் தலையை ஆட்டினார். அது பொய்யும் இல்லை.

அப்புறம் சட்டப்படி தேன்காரருக்குத் தனியாகப் போட்டுக் காட்டினார்கள். சாப்பாட்டு அறைச் சுவரில் படம். நான் தேநீர் கொண்டுபோனேன். தன் குரல் வந்த இடத்தில் தேன்காரர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது எப்படிங்க கேட்டுச்சு?" என்றார் படம் முடிந்ததும்.

காதுக்காரர் நெளிந்தார். "மைக்கைக் கழட்ட மறந்துட்டேன். என் தப்புதான்."

"நான் தனியா இருக்கேன்னு நெனச்சேன்."

தேன்காரர் அக்கா பக்கம் திரும்பினார். "அம்மா, அதை மட்டும் எடுத்துருங்க."

"படத்துலேயே நல்ல இடம் அதுதான்" என்றார் அக்கா. அப்படி அவர் வாதாடி நான் பார்த்ததில்லை. "கேக்கறவங்க உங்களைத் தப்பா நெனைக்க மாட்டாங்க. உங்க தம்பிகூட..."

"அதான்மா. அவனுக்குத் தெரிய வேணாம்னு அங்கேயே சேத்துக் கேட்டிருக்கேன்ல? அதையும் சேத்து நீங்க போட்டுக் காட்டிட்டா, நான் கேட்டதுக்கு என்ன அர்த்தம்?"

அக்கா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். மாலை வரை மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். நான் விளக்கு ஏற்றிவைத்துவிட்டு, இந்தப் பொம்பளை மனசை நேர்வழியில் வை சாமி என்று கும்பிட்டேன். தேன்காரருக்கும் கடவுளுக்கும் நடுவே நடந்த பேச்சு அது. அதில் நாம் யார் என்றுதான் எனக்கு இருந்தது. அதே சமயம் அக்காவின் கஷ்டமும் புரிந்தது. வாழ்நாள் முழுக்க எதைத் தேடி அலைந்தாரோ, 'ரெடி' சொல்லாத முகம், அது கையில் வந்து விழுந்திருக்கிறது.

இருட்டுகிற நேரத்தில் உள்ளே வந்தார். செருப்பில் ஒட்டிய சேற்றைக்கூடத் துடைக்கவில்லை.

"ஏங்க, அதை எடுத்துடுங்க."

காதுக்காரருக்குத்தான் தாங்கவில்லை. "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு குரல் எனக்குக் கிடைச்சதே இல்லம்மா."

"இப்பவும் கிடைக்கல. நாம எடுத்துக்கிட்டோம். கிடைக்கறது வேற, எடுத்துக்கறது வேற."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. படத்தில் அந்த இடத்தை வெட்டிவிட்டு, காற்றில் நாணல் அசைவதை வைத்தார்கள். அக்கா தொலைக்காட்சிக்காரருக்கும் சொல்லிவிட்டார். "விழாவுக்கு வர்றேன், மனசு மாறியிருந்தா பாக்கலாம்" என்றாராம் அவர்.

விழா வந்தது. காலையிலிருந்து அடுப்படியில் மூச்சுவிட நேரமில்லை. படகுக்காரர் நடை நடையாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். இந்தத் தடவை அவரும் படகைக் கட்டிவிட்டுக் கொட்டகைக்கு வந்தார். "என்னதான் எடுத்திருக்கீங்கன்னு பாப்போம். தேனீயாவது நல்லா நடிச்சிருக்கா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, நடுவில் ஒரு வைக்கோல் கட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். முன்வரிசையில் தேன்காரர், துவைத்து மடித்த சட்டையில். தம்பி வந்தது அவருக்குத் தெரியும், திரும்பவில்லை. தொலைக்காட்சிக்காரர் அவருக்குப் பின்வரிசையில்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படம் கோக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒவ்வொரு தடவை முடிக்கும்போதும் அதற்குக் 'கடைசி' என்று பேர் வைப்பார்கள். அடுத்த நாள் ஏதாவது மாற்றி, 'ஆகக் கடைசி' என்பார்கள். அப்புறம் 'இதுதான் கடைசி', அதற்கப்புறம் 'உண்மையிலேயே கடைசி'. பரண்மேல் இருந்து படத்தை ஓட்டுவது காதுக்காரர். அவர் அன்று 'இதுதான் கடைசி'யைப் போட்டுவிட்டார். போட வேண்டியது 'உண்மையிலேயே கடைசி'.

நானும் அக்காவும் கொட்டகை வாசல் பக்கம் நின்றிருந்தோம். படம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. புகை போட்டுத் தேனீயை அமைதிப்படுத்துவதைப் பார்த்து ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். அப்போது திரையில் என் அடுப்படிக் கதவு வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா என் கையைப் பிடித்தார்.

"இந்தக் கதவு வரக் கூடாது. நாணல்தான் வரணும். பழைய படம் ஓடுது."

"பரண்மேல இருக்கற சாரைக் கூப்பிடுங்க அக்கா!"

கூப்பிட்டால் எங்கே கேட்கும்? பரண்மேல் காதுக்கருவியோடு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். ஏணியில் ஏறுவதற்கும் நேரமில்லை. கதவுக்கு அடுத்து வருவது சரிவும் தேன்காரரும்தான்.

அக்கா ஓடினார். ஒரு வைக்கோல் கட்டில் கால் இடறி விழுந்து, எழுந்து, முன்வரிசைக்கு முன்னால் குனிந்து போய், தூண் பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கொட்டகை மொத்தமும் ஊமையாகிவிட்டது. திரையில் வெள்ளை அங்கி போட்ட மனுஷர், ஏரியைப் பார்த்து நிற்கிறார். முகத்தில் வலை. உதடு தெரியவில்லை, தலை மட்டும் பேசுவதுபோல் லேசாக அசைந்தது.

"சத்தம்! சத்தம்!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். பரண்மேல் காதுக்காரர் பதறி எழுந்து எதையெதையோ தட்டுகிறார்.

"ஒயரைப் புடுங்கினதே நீங்கதானேம்மா! வீட்டுக்காரர்மேல கோவம்னா வீட்டுல வெச்சுக்கக் கூடாதா?" என்று கத்தினார் படகுக்காரர். கொட்டகையே சிரித்தது.

அக்காவும் சிரித்தார். தலைமுடியெல்லாம் வைக்கோல். "கால் தடுக்கிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. இப்ப வந்துடும்" என்றார். ஆனால் ஒயரைச் செருகவில்லை, கையில் பிடித்தபடியே திரையைப் பார்த்து நின்றார். வெள்ளை அங்கி மறைந்து, தேனடை கட்டிய மரச் சட்டங்கள் வந்த பிறகுதான் செருகினார். தன் படத்தைத் தன் விழாவில், தான் கூப்பிட்ட அத்தனை பேருக்கும் முன்னால் தானே கெடுத்துக்கொண்டார். பால் பொங்கினால் கை நீட்டாதவர் அவர்.

நான் தேன்காரரைப் பார்த்தேன். முழங்கால் இரண்டையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சத்தம் திரும்ப வந்ததும்தான் மூச்சுவிட்டார்.

தொலைக்காட்சிக்காரருக்கு நடந்தது என்னவென்று தெரியும். அவர் முழுப்படத்தையும் முன்பே பார்த்தவர் அல்லவா. பந்தியில் நன்றாகச் சாப்பிட்டார், அக்காவுக்குக் கை கொடுத்தார், "பிடிவாதக்காரம்மா நீங்க" என்றார், போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை. விழாவை வருஷா வருஷம் அக்காதான் இழுத்துப் பிடித்து நடத்துகிறார்.

அன்று பந்தியிலேயே படகுக்காரர் அக்காவிடம் வந்தார். "சத்தம் போன எடத்துல தேன்காரர் என்னமோ பேசிக்கிட்டு நின்ன மாதிரி இருந்துச்சே. என்ன பேசினாரு?"

"அவரு பேசினதை அவரைத்தான் கேக்கணும்."

"நாங்க பேசிக்கறதில்லன்னு ஊருக்கே தெரியும்."

"அப்ப சத்தம் இல்லாமலே நெனச்சுக்கோங்க. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?"

அவர் சோறு வாங்கிக்கொண்டார். ஆனால் மனசு அடங்கவில்லை போலிருக்கிறது.

விழா முடிந்த மறுநாள், கடைசி விருந்தாளிகளை ஏற்றிப்போகப் படகுக்காரர் வந்தார். அவர்கள் பெட்டி கட்டி முடிக்கவில்லை. முற்றத்தில் தேன்காரர் உட்கார்ந்து தேன் சட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் தட்டில் தேநீரோடு போனேன். படகுக்காரர் நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, அன்னிக்குப் படத்துல சத்தம் போன எடத்துல என்ன பேசினாருன்னு தேன்காரரைக் கேட்டுச் சொல்லுங்க."

மூன்றடி தள்ளித்தான் தேன்காரர் இருக்கிறார். நான் அந்தப் பக்கம் திரும்பினேன்.

"படகுக்காரருக்கு அதெல்லாம் எதுக்காம் தங்கச்சி?" என்றார் தேன்காரர், சுரண்டுவதை நிறுத்தாமல்.

"என் பக்கம் பாத்து நின்னுக்கிட்டிருந்தாரு. ஏரியில அந்த நேரத்துல நான் மட்டும்தான் இருப்பேன். அதான் கேக்கறேன்னு சொல்லுங்க."

தேன்காரர் கையில் இருந்த சட்டத்தைக் கீழே வைத்தார். நிமிர்ந்து நேராகத் தம்பியைப் பார்த்தார்.

"உன்னத் திட்டிக்கிட்டு இருந்தேன்டா."

"அதான பாத்தேன்! என்னன்னு?"

"சோம்பேறின்னு."

"அவ்வளவு நேரமா?"

"படகையும் சேத்து. இடது பக்கம் தண்ணி வாங்குதுல்ல?"

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"பாறையில கொண்டுபோய் மோதினதே நான்தானடா. அப்பாகிட்ட உன் பேரைத்தான் சொன்னேன்."

"அந்த அடி நான்ல வாங்கினேன்!" என்றார் படகுக்காரர். "அது நீயா? அடப்பாவி அண்ணா! எத்தனை நாள் முதுகு வீங்கிக் கெடந்தேன் தெரியுமா?"

"அதுக்குத்தான் படகைத் தூக்கிட்டுப் போயிட்டியே, இன்னும் என்ன? தார் வெச்சிருக்கியா? அந்த ஓட்டையை அடைக்கணும்னா பலகையைக் கழட்டணும். உனக்கு வராது. நீ அதை இன்னும் கெடுப்ப."

"எனக்கா வராது? உனக்குத்தான் தேனீ பாத்துப் பாத்துக் கண்ணு போச்சு..."

வீட்டு வாசலில் காதுக்காரர் நின்றிருந்தார். பூனை மாட்டிய கம்பு மெல்ல மெல்ல முற்றத்துப் பக்கமாக நீண்டது. அக்கா உள்ளேயிருந்து வந்து, கம்பை அப்படியே பிடித்து இழுத்தார்.

"அந்தக் காதுல மாட்டியிருக்கறதைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

"ஒரே நிமிஷம்மா, குரல் எவ்வளவு..."

"உள்ள வாங்கன்னேன்."

கதவைச் சாத்தினார். கொஞ்சம் யோசித்தவர் மாதிரி, ஜன்னலையும் திரும்ப வந்து சாத்தினார். நான் ஆறிப்போகிற தேநீரோடு அந்த இரண்டு பேருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, யாருக்கு முதலில் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.